கட்டுரைக்குப் போட்ட மதிப்பெண்ணை யார் பார்த்தார்கள்?

2017 கோடையில் நியூ ஜெர்சியில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். ஆகஸ்ட் கடைசியில் அவளுக்கு எஸ்ஏடி தேர்வு, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதுவது. தினமும் மாலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, கோடு போட்ட தாளும் பென்சிலுமாக உட்காருவாள். "சித்தி, அம்பது நிமிஷம் டைம் வைங்க" என்பாள். பிறகு தலை நிமிரவே மாட்டாள். நேரம் முடிந்ததும் முதலில் எழுதியதைப் படித்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இல்லை, பக்கங்களை எண்ணினாள். "மூணரைதான் வந்திருக்கு. நாலு வரணும்."

தேர்வு எழுதினாள், மதிப்பெண்ணும் வந்தது. கணக்கும் ஆங்கிலமும் சேர்ந்து ஒரு எண். கட்டுரைக்குத் தனியாக மூன்று எண்கள்: வாசிப்புக்கு 6, பகுப்பாய்வுக்கு 4, எழுத்துக்கு 6. ஒவ்வொன்றும் 8-க்கு. அந்த 4-ஐப் பார்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அக்டோபரில் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவள் தேர்ந்தெடுத்த ஏழு கல்லூரிகளில் ஒன்று மட்டும்தான் அந்தக் கட்டுரை மதிப்பெண்ணைக் கேட்டது. "அப்ப இத்தனை நாள் இவ உட்கார்ந்து எழுதினது எதுக்கு?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போய்த் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் எஸ்ஏடியை நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. அது 1901-ல் நடத்திய முதல் தேர்வுகள் எல்லாமே எழுத்துத் தேர்வுகள். மாணவர் பத்தி பத்தியாக எழுதுவார், பேராசிரியர்கள் உட்கார்ந்து படித்துத் திருத்துவார்கள். 1926-ல் எஸ்ஏடி வந்தது. அது விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் தேர்வு. இரண்டும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இரண்டாம் உலகப் போருக்குள் அமெரிக்கா நுழைந்ததும் நீண்ட எழுத்துத் தேர்வுகளை நிறுத்திவிட்டார்கள், போர் முடிந்த பிறகும் அவை திரும்பவில்லை. குறியிடும் தேர்வைத் திருத்துவது எளிது, செலவும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண்தான் வரும்.

இந்தக் கடைசி விஷயம்தான் முழுக் கதைக்கும் அடிப்படை. 1961-ல், தேர்வுகளை உருவாக்கும் இடிஎஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பால் டீடரிக்கும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். முதலாண்டுக் கல்லூரி மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களில் ஆங்கிலப் பேராசிரியர்கள், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், நிறுவன அதிகாரிகள் என எல்லா வகையினரும் இருந்தார்கள். எப்படித் திருத்த வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. உங்களுக்குச் சரி என்று படுகிறபடி ஒன்பது தரங்களில் அடுக்குங்கள் என்றார்கள். 300-ல் 101 கட்டுரைகள் ஒன்பது தரத்தையும் பெற்றிருந்தன. அதாவது ஒரே கட்டுரையை ஒருவர் கடைசி வரிசையில் வைத்திருக்கிறார், இன்னொருவர் முதல் வரிசையில் வைத்திருக்கிறார், மற்றவர்கள் இடையில் உள்ள அத்தனை வரிசையிலும் வைத்திருக்கிறார்கள். ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரம் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்படவில்லை. நாம் எல்லோருமே பள்ளியில் ஒரு தமிழாசிரியரிடம் 'நன்று' வாங்கிய அதே நடைக்கு அடுத்த ஆண்டு இன்னொருவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஒருவர் கருத்தைப் பார்க்கிறார், ஒருவர் பிழையைப் பார்க்கிறார், ஒருவருக்கு மேற்கோள் வேண்டும், இன்னொருவருக்குக் கையெழுத்து. படிப்பது என்பதே அப்படிப்பட்ட வேலைதான். ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும் தேர்வில், யார் கையில் தாள் சிக்குகிறது என்பதைப் பொறுத்து 2-ம் 9-ம் விழுந்தால் அது அநியாயம்.

அதற்கு இடிஎஸ் கண்ட தீர்வு, திருத்துபவர்களைப் பழக்குவது. முதலில் மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து, இது 2, இது 4, இது 6 என்று காட்டுவார்கள். எல்லோருடைய கண்ணும் ஒரே மாதிரி பார்க்கத் தொடங்கும்வரை பயிற்சி நடக்கும். பிறகு ஒவ்வொரு கட்டுரையையும் ஒரே மூச்சில் வேகமாகப் படித்து, மொத்தமாக மனத்தில் படும் எண்ணைப் போட வேண்டும், வரிவரியாகத் திருத்தக் கூடாது. இருவர் தனித்தனியாகப் படித்துப் போடும் எண்களைக் கூட்டிக்கொள்வார்கள், இடைவெளி அதிகமானால் மூன்றாமவர் படிப்பார். இன்றுவரை பெரிய தேர்வுகள் பலவற்றிலும் மனிதர்கள் கட்டுரை திருத்தும் முறை ஏறக்குறைய இதுதான். முறை வேலை செய்தது, எண்கள் ஒத்துப்போயின. ஆனால் அந்த ஒத்துப்போதலுக்கு ஒரு விலை இருந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் இரண்டு பேர் ஒரே எண்ணுக்கு வர வேண்டும் என்றால், இருவருமே சட்டென்று கண்ணில் படுவதைத்தான் பார்க்க முடியும். பத்தி பிரித்திருக்கிறானா, தொடக்கம் முடிவு இருக்கிறதா, பெரிய சொற்கள் வருகின்றனவா, எவ்வளவு எழுதியிருக்கிறான் என்பவைதான் அவை. புதிதாக ஒன்றை யோசித்திருக்கிறானா என்பதில் இரண்டு பேருக்கு ஒத்த கருத்து அவ்வளவு சுலபத்தில் வராது. அதனால் அது மெல்ல எடையிழந்துவிடுகிறது.

இந்த முறை எஸ்ஏடிக்குள் முழுமையாக நுழைந்தது 2005 மார்ச்சில். அதற்குக் காரணம் கலிபோர்னியா. 2001 பிப்ரவரியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், எஸ்ஏடி மாணவர்கள் படித்ததைச் சோதிக்கவில்லை, இதைக் கைவிடலாம் என்று பகிரங்கமாகப் பேசினார். காலேஜ் போர்டின் மிகப் பெரிய வாடிக்கையாளரே கையை உதறத் தயாராகிவிட்டார். காலேஜ் போர்டு உடனே தேர்வை மாற்றியது. எழுத்து என்று மூன்றாவது பகுதி சேர்ந்தது, மொத்தம் 1600-லிருந்து 2400 ஆனது. அந்தப் பகுதியில்தான் 25 நிமிடக் கட்டுரை. பென்சிலால், கோடு போட்ட இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டும். பேனாவால் எழுதினால் பூஜ்யம்.

கட்டுரைக்கு எவ்வளவு எடை என்று பார்ப்போம். இரண்டு திருத்துநர்கள் ஆளுக்கு 1 முதல் 6 வரை போடுவார்கள், மொத்தம் 12. இது எழுத்துப் பகுதியின் 800-ல் சுமார் 30 சதவீதம். மீதி 70 சதவீதமும் இலக்கணப் பிழை கண்டுபிடிக்கும் குறியிடும் கேள்விகளுக்கு. ஆக 2400-ல் கட்டுரையின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதிலும் பெரும்பாலான பிள்ளைகள் நடுவில் 7, 8 என்று குவிந்துவிடுவார்கள். 7 வாங்கியவருக்கும் 8 வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம், ஒரு திருத்துநர் கொஞ்சம் தாராளமாக இருந்ததுதான்.

பத்தில் ஒன்று என்பது சிறியது என்று சட்டென்று சொல்லிவிடவும் முடியாது. சீனாவின் காவ்காவ் தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண், கட்டுரைக்கு 60. இது எட்டு சதவீதம்தான், எஸ்ஏடியைவிடக் குறைவு. ஆனாலும் அந்தக் கட்டுரைத் தலைப்பு வெளியான அன்று நாடே அதைப் பற்றிப் பேசுகிறது. காரணம், அங்கே பல்கலைக்கழக இடம் ஏறக்குறைய அந்த மொத்த எண்ணை மட்டும் வைத்தே கிடைக்கிறது, ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டும் படி. அமெரிக்காவில் அப்படி இல்லை. பள்ளியில் நான்கு வருடம் வாங்கிய தரம், எடுத்த பாடங்களின் கடினம், ஆசிரியர் கடிதம், விண்ணப்பக் கட்டுரை, எஸ்ஏடி மொத்தம் என்று பலதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றான எஸ்ஏடிக்குள் பத்தில் ஒரு பங்கு என்றால், கண்ணுக்கே தெரியாத அளவு. நம் ஊரில் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்த்தாளில் எழுதிய கட்டுரை எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதற்கு அங்கே ஒரு புள்ளியும் இல்லை. ஆகவே ஒரு மதிப்பெண் முக்கியமா என்பதை அந்தத் தேர்வுத்தாளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

புதிய தேர்வு வந்த சில வாரங்களிலேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சித் துறையை நடத்திவந்த லெஸ் பெரல்மன் அதைக் கையில் எடுத்தார். காலேஜ் போர்டே வெளியிட்ட, மதிப்பெண் போட்ட மாதிரிக் கட்டுரைகள் 50-க்கு மேல் சேகரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சொற்கள் என்று எண்ணினார். சுமார் 100 சொல் எழுதியவருக்கு அடிமட்ட மதிப்பெண், சுமார் 400 சொல் எழுதியவருக்கு உச்ச மதிப்பெண். படிக்காமலே நீளத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டாலும் பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் சரியாக இருக்கும் என்றார். இன்னொன்றும் கவனித்தார். தகவல் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பது திருத்துநர்களுக்கான விதி. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையின்மீது 33 மணி நேரம் நடந்த குண்டுவீச்சோடு தொடங்கியது. 1862 கடைசியில் இரண்டு குண்டுகள் சுட்டதோடு தொடங்கியது என்று எழுதிய மாதிரிக் கட்டுரைக்கு முழு 6 கிடைத்திருந்தது.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை 25 நிமிடத்தில் அதிகம் எழுதும் என்பதும் இயல்புதான், நீளத்துக்கும் திறமைக்கும் உறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நூலகமில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து எழுதும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் ஆண்டு சரியா என்று பார்க்காமல் இருப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் இந்த விதிகள் வெளியே கசிந்ததும் பயிற்சி வகுப்புகள் அதை அப்படியே பாடமாக்கின. இரண்டு பக்கத்தையும் நிரப்பு, ஐந்து பத்தி எழுது, ஒரு வரலாற்று உதாரணம், ஓர் இலக்கிய உதாரணம் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போ, எந்தத் தலைப்பு வந்தாலும் அதற்குள் திணி. 'எக்ஸ்ட்ரா ஷீட் வாங்கினால்தான் மார்க்' என்று நம்பி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. 2011 மார்ச்சில் தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றித் தலைப்பு வந்தபோது, மனப்பாடம் செய்த போர்களையும் நாவல்களையும் எங்கே நுழைப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் திணறினார்கள். டிவி பார்க்காமல் படித்தவர்களுக்குத் தண்டனையா என்று பெற்றோர்கள் கொதித்தார்கள். எனக்கு அந்தத் தலைப்பு பிடித்திருந்தது. மனப்பாடம் உதவாத அந்த ஒரு நாளில்தான் பிள்ளைகள் சொந்தமாக யோசிக்க வேண்டிவந்தது.

கல்லூரிகள் என்ன செய்தன? பெரும்பாலானவை அந்த எண்ணைப் பெற்றுக்கொண்டன, அவ்வளவுதான். 2008-ல் காலேஜ் போர்டே நடத்திய ஆய்வில், முதலாண்டுக் கல்லூரித் தரத்தை முன்கூட்டிச் சொல்வதில் மூன்று பகுதிகளில் எழுத்துப் பகுதிதான் சற்று முந்தி நின்றது. இதைக் கேட்டுக் கட்டுரைக்கு மதிப்பு வந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த முன்னிலைக்குக் காரணம் பெரும்பாலும் 70 சதவீதக் குறியிடும் கேள்விகள். கட்டுரையைத் தனியே பிரித்துப் பார்த்தால் அது சேர்த்தது சொற்பம். 2014 மார்ச்சில் தேர்வை மறுபடி மாற்றுவதாக அறிவித்தபோது காலேஜ் போர்டே இதை ஒப்புக்கொண்டது. மொத்தம் மீண்டும் 1600 ஆனது, கட்டுரை விருப்பத் தேர்வு ஆனது.

2016 மார்ச்சில் வந்த அந்த விருப்பக் கட்டுரைதான் என் அக்கா மகள் எழுதியது. மனசாட்சியோடு சொல்கிறேன், அது முந்தையதைவிட எவ்வளவோ மேலான கேள்வி. சுமார் 700 சொல் உள்ள ஓர் உரையைக் கொடுத்து, இந்த ஆசிரியர் தன் வாதத்தை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று ஐம்பது நிமிடத்தில் எழுதச் சொன்னார்கள். உன் கருத்தைக் கேட்கவில்லை, கவனமாகப் படித்தாயா என்று பார்த்தார்கள். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் நடந்தது வேறு. ஈதோஸ் (பேசுபவரின் நம்பகம்), பேத்தோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்று மூன்று கிரேக்கச் சொற்களைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்வாள். உரையைப் படிப்பதற்கு முன்பே மூன்று பத்திகளின் முதல் வரி அவளிடம் தயாராக இருக்கும். ஒருநாள் உரை, இரவில் நகர விளக்குகள் வானத்தை மறைப்பதைப் பற்றியது. அவள் படித்து முடித்துவிட்டு, "சித்தி, எங்க ஊர்ல நான் நட்சத்திரமே சரியா பார்த்ததில்ல தெரியுமா?" என்றாள். அதை எழுதேன் என்றேன். "அதுக்கு மார்க் இல்ல" என்று சொல்லிவிட்டு பேத்தோஸ் பத்தியைத் தொடங்கினாள். அவள் சொன்னது சரிதான். அந்தக் கேள்வியில் சொந்த அனுபவத்துக்கு இடமில்லை. ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் அவள் சொன்ன மிக நல்ல வாக்கியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

எஸ்ஏடிக்குப் போட்டியாக நடக்கும் ஏசிடி தேர்விலும் இதே தடுமாற்றம். 2005-ல் விருப்பக் கட்டுரையைச் சேர்த்தார்கள். 2015 செப்டம்பரில் அதற்கு 1 முதல் 36 வரை மதிப்பெண் என்று மாற்றினார்கள், மற்ற பாடங்களும் 36-க்குத்தான் என்பதால் ஒரே அளவாக இருக்கட்டும் என்று. மற்றதிலெல்லாம் முப்பதுக்கு மேல் வாங்கும் பிள்ளைகள் கட்டுரையில் இருபதுகளில் விழுந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஒரே வருடத்தில், 2016 செப்டம்பரில், பழைய 2 முதல் 12 அளவுக்கே திரும்பினார்கள். சேர்க்கை அலுவலகங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

அப்புறம் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 2015-லேயே கைவிட்டது. எழுத்துப் பகுதியிலேயே கல்லூரித் தரத்தை மிகக் குறைவாக முன்கூட்டிச் சொல்வது கட்டுரைதான் என்று தங்கள் சொந்த ஆய்வும் காட்டியதாகச் சொன்னார்கள். 2018 மார்ச்சில் ஹார்வர்டு, அந்தக் கோடையில் யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு, பிரவுன். இவர்கள் முன்வைத்த காரணம் பணம். அந்த ஆண்டு எஸ்ஏடி கட்டணம் 47.50 டாலர், கட்டுரையோடு என்றால் 64.50. பதினேழு டாலர் பெரிய தொகையா என்று கேட்கலாம். விஷயம் அந்தப் பதினேழு டாலரில் மட்டும் இல்லை. பல மாநிலங்களில் அரசுப் பள்ளிகளே வார நாளில், பள்ளியிலேயே, இலவசமாக எஸ்ஏடி எழுத வைத்தன. அதில் பல இடங்களில் கட்டுரை கிடையாது. கட்டுரை கேட்கும் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் அந்தப் பிள்ளை சனிக்கிழமை இன்னொரு ஊருக்குப் போய் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும். வேலைக்குப் போகும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமை பெரிய விஷயம். யாரும் உற்றுப் பார்க்காத ஒரு எண்ணுக்காக ஏழைப் பிள்ளையை அப்படி ஓடவிட்டது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த பெரிய இடம் கலிபோர்னியப் பல்கலைக்கழகம், அதன் ஒன்பது இளநிலை வளாகங்களோடு. எந்தக் கல்லூரிக்குப் போவோம் என்று தெரியாத பதினோராம் வகுப்பிலேயே எழுத வேண்டியிருப்பதால், ஒன்றிரண்டு பெரிய இடங்கள் கேட்டாலே போதும், எதற்கும் எழுதிவைப்போம் என்று எல்லோரும் எழுதுவார்கள். 2020 மே மாதம் கலிபோர்னியா எஸ்ஏடி, ஏசிடி இரண்டையுமே நிறுத்திவைத்தது. எட்டு மாதத்தில், 2021 ஜனவரியில், கட்டுரையை நிறுத்துவதாகக் காலேஜ் போர்டு அறிவித்தது. யாருக்காக வந்ததோ அவர்கள் போனதும் அதுவும் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில மாநிலங்களின் பள்ளிநாள் தேர்வில் மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு எம்ஐடி, டார்ட்மத், யேல், ஹார்வர்டு எல்லாம் எஸ்ஏடி அல்லது அதுபோன்ற தேர்வு மதிப்பெண்ணை மறுபடி கட்டாயமாக்கின. கட்டுரை மட்டும் திரும்பவில்லை.

மேற்படிப்புத் தேர்வுகளிலும் இதே காற்றுதான். மருத்துவப் படிப்புக்கான எம்கேட் 2013-ல் எழுத்துப் பகுதியை நீக்கியது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் 2023-ல் வந்த புதிய வடிவத்தில் நீக்கியது. சட்டப் படிப்புக்கான எல்சாட் மட்டும் வேறு வழி எடுத்தது. அங்கே மாணவர் ஒரு கட்டுரை எழுதுகிறார், அதற்கு மதிப்பெண்ணே கிடையாது, எழுதியதை அப்படியே சட்டக் கல்லூரிகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விருப்பம் இருப்பவர் படிக்கட்டும். 1960-களில் காலேஜ் போர்டும் சில ஆண்டுகள் இதைத்தான் செய்தது. ஒரு மணி நேரம் எழுத வைத்து, திருத்தாமல், நகலை மட்டும் கல்லூரிகளுக்கு அனுப்பியது. 2005-க்குப் பிந்தைய எஸ்ஏடி கட்டுரையின் படத்தையும் கல்லூரிகள் கணினியில் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளை வீட்டிலிருந்து அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையும், கண்காணிப்பு அறையில் பென்சிலால் எழுதியதும் ஒரே ஆள் எழுதியதுதானா என்று பார்க்க அது ஒரு வழி. அந்த மொத்த ஏற்பாட்டிலும் உண்மையிலேயே பயன்படக்கூடியது அந்தப் படம்தான், அதன்மேல் போட்ட எண் அல்ல என்பது என் கருத்து.

இப்போது தமிழ்நாட்டிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு வருவோம். எம்எஸ் படிக்க ஜிஆர்இ எழுதுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எழுத்துல 3 வந்திருக்கு, போச்சா?" என்றுதான். அந்தப் பகுதி 0 முதல் 6 வரை, அரை அரையாக ஏறும். 2023 செப்டம்பரிலிருந்து இரண்டு கட்டுரைக்குப் பதில் ஒன்றுதான், அரை மணி நேரம். ஒரு மனிதரும் இ-ரேட்டர் என்ற மென்பொருளும் படிக்கும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு மனிதர் படிப்பார். கணினி அறிவியலோ இயந்திரவியலோ படிக்கப் போகிறவருக்கு 3-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசத்தால் இடம் போவது அரிது, அங்கே கணக்குப் பகுதியின் 170-க்குத்தான் கண் போகும். வரலாறு, இலக்கியம், பொதுக்கொள்கை என்றால் கதை வேறு, அங்கே எழுத்துதான் தொழில். இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. நோக்க அறிக்கையான எஸ்ஓபி பளபளவென்று இருக்கிறது, ஜிஆர்இ எழுத்தில் 2 என்றால், அறிக்கையை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். ஜிஆர்இ கட்டுரையையும் பல்கலைக்கழகம் வாங்கிப் படிக்க முடியும்.

ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அப்படியே நேர்மாறு. அங்கே எழுத்து மதிப்பெண் நிஜமாகவே கதவை மூடும். பிரிட்டனில் பல படிப்புகளுக்கு மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. மற்ற மூன்றிலும் 7.5 வாங்கிவிட்டு எழுத்தில் 5.5 வாங்கி நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். காரணம் மறுபடி அதேதான், அந்த எண்ணை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது. இங்கே யார் சிறந்த எழுத்தாளர் என்று வரிசைப்படுத்தவில்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் சமாளிப்பாயா மாட்டாயா என்று ஒரு கோடு போடுகிறார்கள். அந்த அளவுக்குத்தான் ஒற்றைக் கட்டுரையின் மதிப்பெண்ணை நம்பலாம் என்று எனக்கும் படுகிறது. எழுதவே வராதவரையும் ஓரளவு வருபவரையும் அது பிரித்துக் காட்டும். 8 வாங்கியவர் 7 வாங்கியவரைவிட நன்றாக யோசிப்பார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே ஐஇஎல்டிஎஸ் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: இரண்டாவது பணிக்கு முதல் பணியைப் போல இருமடங்கு எடை. நேரத்தை அதற்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் திருத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014-ல் பெரல்மன் மாணவர்கள் சிலரோடு சேர்ந்து பேபல் என்ற ஒரு நிரலை உருவாக்கினார். மூன்று சொற்களைக் கொடுத்தால் பொருளே இல்லாத, ஆனால் கம்பீரமான வாக்கியங்களால் ஆன கட்டுரையைத் தரும். தானியங்கித் திருத்து மென்பொருள்கள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன. இன்று அந்த நிரல் தேவையே இல்லை. பொருளும் உள்ள கட்டுரையையே செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறது. 2024-ல் டியூக் பல்கலைக்கழகம் விண்ணப்பக் கட்டுரைகளுக்கு எண் மதிப்பீடு போடுவதையே நிறுத்தியது. படிப்பதை நிறுத்தவில்லை, எண்ணை மட்டும் விட்டுவிட்டது. எழுதியது அந்த மாணவர்தான் என்று இனி எடுத்த எடுப்பில் நம்ப முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கண்காணிப்பில் எழுதும் எழுத்துக்கு உண்மையான தேவை வந்திருக்கும் நேரத்தில்தான் அப்படி எழுத வைத்த தேர்வுகள் ஒவ்வொன்றாக மறைந்துபோயிருக்கின்றன.

பிரின்ஸ்டன் 2018-ல் தேர்வுக் கட்டுரையைக் கைவிட்டபோது அதற்குப் பதிலாக ஒன்றைக் கேட்டது: பள்ளியில் எழுதி, ஆசிரியர் திருத்திய ஒரு கட்டுரையின் நகல். ஆசிரியரின் குறிப்புகள் இருந்தால் அவையும். 2021-ல் அக்காவின் மகன் அங்கே விண்ணப்பித்தான். அவனுக்கு எஸ்ஏடி கட்டுரை என்று ஒன்று இருந்ததே சரியாகத் தெரியாது. வீடியோ அழைப்பில் நான் பார்த்துக்கொண்டிருக்க, மேசை இழுப்பறையிலிருந்து பழைய தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினான். அக்காவுக்கு 'ஏ' வாங்கிய, ஒரு கீறல்கூட இல்லாத தாளை அனுப்ப வேண்டும் என்று ஆசை. அவன் தேர்ந்தெடுத்தது பதினோராம் வகுப்பு வரலாற்றுத் தாள், 'பி பிளஸ்'. நகரத் தண்ணீர்க் குழாய்களைப் பற்றியது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி முழுவதையும் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "இது உனக்கு எப்படித் தெரியும்?" அதற்குக் கீழே பென்சிலில் அவனுடைய கையெழுத்தில் மூன்று வரி பதில், அதற்கும் கீழே மறுபடி சிவப்பு மையில், "இதை உள்ளே எழுது."

"சித்தி, இதையே அனுப்பவா?" என்றான். அனுப்பு என்றேன்.